தாய்மையும் தலைவலியும்



"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். காய்ச்சலையாவது அடுத்தவர் நெற்றியில் கை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். தலைவலியை யார் தொட்டுப் பார்ப்பது? வெளியில் காயம் இல்லை, வீக்கம் இல்லை. ஆகவேதான் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் மருமகளைப் பார்த்து, "வேலைக்குச் சோம்பல்" என்று சொல்லிவிடுவது வீட்டாருக்கு எளிதாகிவிடுகிறது. அந்த மருமகள் பிள்ளைத்தாச்சியாகவும் இருந்துவிட்டால், "நாங்களெல்லாம் பத்துப் பிள்ளை பெறவில்லையா?" என்ற பேச்சும் சேர்ந்துகொள்கிறது.

சென்ற தவணையில், மகனை அழைத்துப் போகப் பள்ளிக்கு வந்த ஒரு தாய், வகுப்பறை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். ஆறு மாதம். "டீச்சர், மாதத்தில் ஏழெட்டு நாள் ஒரு பக்கத் தலை இடிக்கிறது. மாத்திரை சாப்பிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்கிறார்கள். சாப்பிடாவிட்டால் மூத்தவனுக்குச் சோறு கூடப் போட முடியவில்லை. நான் என்னதான் செய்வது?" என்று கேட்டார். அவர் ஒருவர் மட்டும் கேட்கும் கேள்வி அல்ல இது. கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரத்துத் தோட்ட வீடுகளிலும், தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோன வீடுகளிலும் பல தாய்மார்கள் இதே கேள்வியை மனத்துக்குள் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் டாக்டர் அல்ல; கரும்பலகை முன் நிற்கிறவள். ஆனாலும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைப் பாடம் சொல்வது போல வரிசையாகச் சொல்லுகிறேன். முடிவு சொல்ல வேண்டியவர்கள் கிளினிக்கில் உள்ள தாதியரும் டாக்டர்களும்தான்.

இது என்ன தலைவலி?

எல்லாத் தலைவலியும் ஒரே வலி அல்ல. வெயிலில் நின்றதால் வரும் வலி வேறு. சளி பிடித்து வரும் வலி வேறு. நாம் "ஒற்றைத் தலைவலி" என்று சொல்வது தனி வகை. கிரேக்கர்கள் இதைப் "பாதித் தலை" என்ற பொருள் தரும் சொல்லால் அழைத்தார்கள். மைக்ரேன் என்ற ஆங்கிலப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். கடல் கடந்த இரண்டு மொழிகளும் ஒரே நோய்க்கு ஒரே பெயரை வைத்திருக்கின்றன என்றால், இது மருமகளின் கற்பனை அல்ல என்பது விளங்கும் அல்லவா?

பெரும்பாலும் ஒரு பக்கம், நாடி துடிப்பது போல விண் விண் என்று தெறிக்கும். குனிந்தால், படியேறினால் கூடும். வாந்தி வரும். வெளிச்சம் கண்ணைக் குத்தும். பாத்திரம் உருளும் சத்தம் கூடத் தாங்காது. மருந்து இல்லாமல் விட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பெண் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு ஏறி இறங்குவது அதற்கு ஒரு முக்கிய காரணம். மாதவிலக்கை ஒட்டிப் பலருக்குத் தலைவலி வருவதும் இதனால்தான்.

சிலருக்கு வலி தொடங்குமுன் கண்ணில் ஒரு வேடிக்கை நடக்கும். கோணல் மாணலாக ஒளிக்கோடுகள் ஓடும். பார்வையின் ஒரு பக்கம் மறையும். விரல் நுனியிலிருந்து மெல்ல மெல்ல மரமரப்பு ஏறும். 5 நிமிடத்திலிருந்து 1 மணி நேரத்துக்குள் அது தணிந்து, பிறகு வலி வரும். "கண்ணுக்கு முன்னால் மின்மினி பறக்கிறது" என்று நம் பெண்கள் சொல்வார்கள். கம்போங் குவாந்தான் பக்கத்தில் இருக்கிற நமக்கு மின்மினியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவில் சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் அது மின்னினால் அழகு. படகில் ஏறிப் பார்க்க வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். பட்டப்பகலில் கர்ப்பிணியின் கண்ணுக்கு முன்னால் அது மின்னினால், அதற்குக் காரணம் கேட்டே ஆக வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது என்ன நடக்கிறது?

முதலில் ஒரு நல்ல செய்தி. ஒற்றைத் தலைவலி உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, நாலாம் மாதத்துக்குப் பிறகு வலி குறைந்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்காமல் ஒரே சீராக உயர்ந்து நிற்பதே காரணம். முதல் மூன்று மாதம்தான் பலருக்குக் கடினம். அப்போது மசக்கை இருக்கும், சாப்பாடு தங்காது, தண்ணீர் இறங்காது, தூக்கம் கெடும். இவை ஒவ்வொன்றும் தலைவலியைத் தூண்டுகிறவை. "இதே வலியை ஒன்பது மாதமும் எப்படித் தாங்குவேன்?" என்று கலங்குகிற சகோதரிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். ஒரு சிலருக்கு மட்டும் வலி குறைவதில்லை. கண்ணில் ஒளிக்கோடு வருகிறவர்கள் இந்த வகையில் சற்று அதிகம்.

இந்தத் தலைவலி வயிற்றுப் பிள்ளையைக் குறைபாடுள்ளதாக ஆக்குவதில்லை. ஆனால் ஒற்றைத் தலைவலி உள்ள பெண்களுக்குக் கர்ப்ப கால ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே முதல் தடவை கிளினிக்கில் பெயர் பதியும்போதே, "எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு" என்று சொல்லி, இளஞ்சிவப்புப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். அந்தப் புத்தகம் பிள்ளைக்குப் பிறப்புச் சூரா எடுக்க மட்டும் அல்ல. தாயின் உயிரைக் காக்கவும்தான்.

மருந்து ஏன் குறைவு?

"உலகத்தில் இவ்வளவு மருந்து இருந்தும் எனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்கலாம். 1957ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. மசக்கைக்கு நல்லது என்று கர்ப்பிணிகள் வாங்கிச் சாப்பிட்டார்கள். கையும் காலும் வளராத குழந்தைகள் பல நாடுகளில் பிறந்தன. எண்ணிக்கை 10,000க்கும் மேல். 1961இல் மருந்தை விலக்கிக்கொண்டார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகு கர்ப்பிணிகளுக்கு எந்த மருந்தையும் கொடுக்க உலகமே பயந்தது. கர்ப்பிணிகளை வைத்துப் புதிய மருந்துகளைச் சோதிப்பதில்லை. ஆகவே பல மருந்துகளுக்கு "பாதுகாப்பானது" என்று சொல்லப் போதிய சான்று இல்லை.

ஆனால், குறைவு என்பது வேறு, இல்லவே இல்லை என்பது வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல்தான் நம் பெண்கள் இரண்டு ஓரங்களுக்கும் ஓடுகிறார்கள். ஒருத்தி ஒரு மாத்திரையும் தொடாமல் மூன்று நாள் வாந்தி எடுத்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாள். இன்னொருத்தி கடையில் கிடைத்ததை எல்லாம் விழுங்குகிறாள். இரண்டும் பிள்ளைக்கு நல்லதல்ல.

எதைச் சாப்பிடலாம்?

முதல் மருந்து பாராசிட்டமால். கர்ப்பத்தின் எல்லா மாதங்களிலும், தேவையான போது, தேவையான அளவில் சாப்பிட டாக்டர்கள் அனுமதிப்பது இதைத்தான். 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 முதல் 6 மணி நேர இடைவெளி. 24 மணி நேரத்தில் 8 மாத்திரைக்கு மேல் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்த உடம்புக்காரர்களும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் அளவைக் கிளினிக்கில் கேட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும். சளி மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அதையும் கணக்கில் சேருங்கள். காப்பியில் உள்ள கஃபீன் சேர்த்த "எக்ஸ்ட்ரா" வகை வேண்டாம். சாதாரண வகையே போதும்.

வலி மலையளவு ஏறிய பிறகு மாத்திரை தேடுவதில் பயன் குறைவு. தொடங்கும்போதே சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் ஒரு வேளையோடு நிற்கக்கூடும். ஆனால் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டியிருக்கிறது என்றால் டாக்டரிடம் போங்கள். மாதத்தில் 15 நாள், அதற்கு மேல் என்று வலி மாத்திரையைப் பழக்கிக்கொண்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும்.

2025 செப்டம்பரில் அமெரிக்க அரசாங்கம் பாராசிட்டமாலையும் குழந்தைகளின் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திப் பேசியது. அது வாட்ஸ்அப்பில் பரவி, நம் பெண்கள் பலரையும் பயமுறுத்திவிட்டது. ஸ்வீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த சுமார் 24 லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2024இல் வெளியானது. ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளில், மாத்திரை சாப்பிட்டபோது வயிற்றில் இருந்த பிள்ளையையும், சாப்பிடாதபோது இருந்த பிள்ளையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆட்டிசத்தில் வேறுபாடு காணவில்லை. உலக சுகாதார நிறுவனமும் அப்படி ஒரு தொடர்பு உறுதியாகவில்லை என்றே கூறியது. ஆகவே பயத்தால் வலியைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தேவையில்லாமல் விழுங்கவும் வேண்டாம்.

பாராசிட்டமால் கேட்காவிட்டால் அதோடு வழி அடைபட்டுவிடவில்லை. வாந்தியை நிறுத்தும் மெட்டோகுளோபிரமைடு கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக்கூடியது. கடுமையான வலிக்கு சுமாட்ரிப்டான் என்ற மருந்தை டாக்டர் யோசித்து எழுதித் தரலாம். அதைச் சாப்பிட்ட கர்ப்பிணிகளைப் பல ஆண்டுகள் பதிவு செய்து பார்த்ததில், பிறவிக் குறைபாடுகள் கூடியதாகத் தெரியவில்லை. மாதம் முழுதும் தொல்லைப்படுகிறவர்களுக்கு, வராமல் தடுக்கவே குறைந்த அளவில் புரோப்ரனலோல், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைக் கொடுத்து, பிள்ளையின் வளர்ச்சியையும் கவனித்து வருவார்கள். இவை எல்லாம் டாக்டர் கையால் மட்டுமே வர வேண்டியவை. பக்கத்து வீட்டுக்காரியின் அலமாரியிலிருந்து வரக்கூடாதவை.

எதைத் தொடக்கூடாது?

இதைக் கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தாலும் நல்லது.

எர்கோட்டமின் கலந்த ஒற்றைத் தலைவலி மாத்திரை. காஃபர்கோட் என்ற பெயரில் பலருக்குப் பழக்கமானது. இது கருப்பையைச் சுருங்கச் செய்யும். பிள்ளைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். கர்ப்பத்தில் கூடவே கூடாது. முன்பு வாங்கி வைத்த அட்டை வீட்டில் இருந்தால் கிளினிக்கில் கொடுத்துவிடுங்கள்.

ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் அமிலம். பொன்ஸ்டான் என்று நாம் பல் வலிக்கும் மாதவிலக்கு வலிக்கும் கேட்டு வாங்குவது இந்தக் கடைசி மருந்துதான். 20 வாரத்துக்குப் பிறகு இவை பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. கடைசி மூன்று மாதங்களில், பிறக்கும்வரை திறந்திருக்க வேண்டிய ஒரு ரத்தக்குழாயைப் பிள்ளையின் இதயத்தருகே முன்கூட்டியே மூடிவிடும் அபாயமும் உண்டு.

ஆஸ்பிரின் வலி மாத்திரை. இங்கே ஒரு குறிப்பு: ரத்த அழுத்தம் வராமல் தடுக்கச் சில தாய்மார்களுக்கு டாக்டரே மிகச் சிறிய அளவில் ஆஸ்பிரின் கொடுப்பார். அது வேறு. இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள்.

வால்புரோயேட், டோபிரமேட். தலைவலியைத் தடுக்கச் சிலருக்குக் கொடுக்கப்படுபவை; பிள்ளைக்குக் குறைபாடு உண்டாக்கக்கூடியவை. கர்ப்பம் தரிக்க நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும். வலிப்பு நோய்க்காகச் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வலிப்பு வந்து தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. உடனே டாக்டரைப் பாருங்கள்.

பெயர் தெரியாத சூரணங்களும் ஜாமுவும். நம் நாட்டில் பதிவு செய்த மருந்துகளில் "எம்.ஏ.எல்." என்ற மூன்று எழுத்தோடு எண் அச்சிட்டிருக்கும். அது இல்லாத பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. எண் இருந்தாலும் கர்ப்பிணிக்கு ஆகுமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கோடாலித் தைலம், புலித் தைலம் பற்றிக் கேட்பீர்கள். நெற்றிப் பொட்டில் ஒரு துளி தடவிக்கொள்வதற்கும், தலை, கழுத்து, மார்பு என்று நாள் முழுதும் பூசிக் குளிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கர்ப்பூரமும் வலி மருந்துச் சத்தும் தோல் வழியாகவும் உடம்பில் சேரும். அளவோடு இருங்கள்; சொட்டுக் கூட உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள்.

காசில்லாத வைத்தியம்

மருந்துப் பட்டியல் சுருங்கும்போது நாள் ஒழுங்கு பெரிய மருந்தாகிவிடுகிறது. ஒற்றைத் தலைவலிக்காரியின் மூளை மாற்றத்தை விரும்பாத மூளை. பசி, தாகம், தூக்கக்குறைவு, அதிகத் தூக்கம், வெயில், கடும் வாசனை எல்லாம் அதற்கு ஆகாது.

விடியற்காலை வெறும் காப்பியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடும் பழக்கம் முதலில் நிற்க வேண்டும். இரண்டு துண்டு ரொட்டியோ, ஒரு கிண்ணம் கஞ்சியோ, ஒரு வாழைப்பழமோ உள்ளே போகட்டும். மசக்கை இருந்தால் மூன்று வேளையை ஆறு சிறு வேளையாக்குங்கள். தண்ணீர்ப் போத்தல் கையோடு இருக்கட்டும். இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர் குமட்டலைக் குறைக்கும். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் கஃபீன் 200 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. நம் கடைக் காப்பி கெட்டியானது. ஆகவே ஒன்றிரண்டு சிறு கோப்பையோடு நிறுத்துங்கள். நாலைந்து கோப்பை குடித்துப் பழகியவர்கள் ஒரே நாளில் விட்டால் அதனாலேயே தலை வலிக்கும், படிப்படியாகக் குறையுங்கள்.

வெள்ளிக்கிழமை, கார்த்திகை, சஷ்டி என்று விரதம் இருக்கும் சகோதரிகள் உண்டு. பட்டினி ஒற்றைத் தலைவலியைக் கூப்பிடும் முதல் ஆள். வயிற்றில் பிள்ளையைச் சுமப்பதே பெரிய விரதம். பாலும் பழமும் சாப்பிட்டுக் கும்பிட்டாலும் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

வலி வந்த நேரத்தில் வெளிச்சத்தை மறையுங்கள். நண்பகலில் தகரக் கூரை வீடு அடுப்பு போலக் காயும்; வீட்டில் குளிர்ச்சியான மூலை எதுவோ அங்கே ஒரு பாயைப் போட்டு, ஈரத் துணியை நெற்றியிலும் பிடரியிலும் வையுங்கள். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். சுக்குப் பற்றுப் போடுகிறவர்கள் தோல் எரியாத அளவுக்கு மெல்லியதாகப் போடலாம். கொதிக்கும் பானையில் ஆவி பிடிப்பது வேண்டாம்; தலை சுற்றி விழுந்தால் வயிற்றுக்கு ஆபத்து.

அடுத்தது நாள்காட்டி வைத்தியம். ராகுகாலம் பார்க்க எல்லார் வீட்டுச் சுவரிலும் நாள்காட்டி தொங்குகிறது. தலை வலித்த நாளில் "த" என்றும், மாத்திரை சாப்பிட்ட நாளில் "மா" என்றும், சாப்பாடு தவறிய நாளில் "ப" என்றும் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் வலி எதைப் பிடித்துக்கொண்டு வருகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தத் தாளைக் கிழித்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால், "அடிக்கடி வலிக்கிறது" என்று வாயால் சொல்வதைவிட டாக்டருக்குப் பத்து மடங்கு உதவி.

வேலையும் வலியும்

தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலையில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டுத் தோட்டங்களில் பூச்சிமருந்து, களைக்கொல்லி தெளிக்கும் பெண்களைப் பற்றி தெனாகானித்தா அமைப்பு 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தலைவலியும் தலைசுற்றலும் அவர்களின் அன்றாடப் புகார்களில் இருந்தன. கொடிய களைக்கொல்லியான பாராகுவாட் 2020 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் மற்ற மருந்துகள் இருக்கின்றன. மருந்து அடிக்கும் நாளில் மட்டும் தலை வலித்தால், அதை ஒற்றைத் தலைவலி என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள். கர்ப்பிணிக்கு அந்த வேலையே ஆகாது. கர்ப்பம் தெரிந்த அன்றே கிராணியிடமோ கங்காணியிடமோ சொல்லி வேலை மாற்றிக் கேளுங்கள். தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கிறவர்களும், தூக்கம் மாறினால் தலைவலி வரும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுக்கலாம்.

"எம்.சி. எடுத்தால் பேர் கெட்டுவிடும்" என்று பயப்படுகிறீர்கள். சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த வேலைக்காலம் உள்ளவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. இது யாரும் போடும் பிச்சை அல்ல. சட்டம் தந்த உரிமை.

உயிர் காக்கும் வேறுபாடு

இப்போது மின்மினிக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்து போனாலும் இந்தப் பகுதி மறக்கக்கூடாது.

20 வாரத்துக்குப் பிறகு சில தாய்மார்களுக்கு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் இறங்கும். 140க்கு 90 என்ற அளவை எட்டினாலே கவனம் தேவை. இதன் அடையாளங்கள் என்ன தெரியுமா? கடும் தலைவலி, கண் மங்குதல், கண் முன்னால் ஒளி மின்னுதல், வாந்தி, நெஞ்சுக்குழிக்குக் கீழே அல்லது வலது விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குதல். முதல் நான்கும் ஒற்றைத் தலைவலிக்கும் உள்ள அடையாளங்களே! ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பல ஆண்டுகளாகத் தலைவலியோடு வாழ்ந்தவள், "வழக்கமான வலிதான்" என்று தைலத்தைத் தடவிக்கொண்டு படுத்துவிடுவாள். வீட்டாரும் அப்படியே நினைப்பார்கள். கவனிக்காமல் விட்டால் அது வலிப்பாக மாறி, தாயும் பிள்ளையும் சேர்ந்து போகக்கூடும்.

ரத்த அழுத்தம் பார்க்காமல் வீட்டில் யாராலும் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே விதி எளிது: ஐந்து மாதத்துக்குப் பிறகு கடும் தலைவலி வந்தால், முதலில் ரத்த அழுத்தம், பிறகு மற்றது. கிராமக் கிளினிக்கில் தாதி இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவார். சிறுநீரும் சோதிப்பார். அளவு மிகுந்தால் உங்கள் புத்தகத்தில் நிற அடையாளம் மாறும். வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஆபத்தின் படிகளை அந்த நிறங்கள் காட்டுகின்றன. சிவப்பு என்றால் "நாளைக்குப் போகலாம்" என்ற பேச்சு இல்லை, உடனே மருத்துவமனை. தஞ்சோங் காராங்கோ, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமாவோ, அவர்கள் சொல்லும் இடத்துக்கு அப்போதே கிளம்ப வேண்டும்.

நேரத்தோடு போனால் காப்பாற்ற மருந்து இருக்கிறது. 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2002இல் முடிவு வெளியான ஆய்வில், மக்னீசியம் சல்பேட் என்ற விலை குறைந்த மருந்து, வலிப்பு வரும் அபாயத்தைப் பாதியாகக் குறைத்தது. ஆனால் அதை மருத்துவமனையில்தான் ஏற்ற முடியும்.

இன்னும் சில அடையாளங்களும் உண்டு. நொடியில் இடி விழுந்தாற்போல் வந்த, வாழ்நாளில் காணாத வலி; காய்ச்சலோடு கழுத்து விறைப்பு; ஒரு கை, ஒரு கால் தளர்வது; பேச்சுக் குழறுவது; மயக்கம்; வலிப்பு; கர்ப்பத்தில்தான் முதன்முதலாகக் கண்ணில் ஒளிக்கோடு வருவது; பழகிய வலி தன் குணத்தை மாற்றிக்கொள்வது. இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். கடுமையானவற்றுக்கு 999ஐ அழைக்க வேண்டும்.

பிள்ளை பிறந்த பிறகு

பிரசவம் ஆனதும் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்கும். ஆகவே பலருக்கு முதல் வாரங்களிலேயே பழைய தலைவலி திரும்பி வரும். நம் வீடுகளில் பத்தியம் என்று சொல்லித் தண்ணீரைக் கூட அளந்து கொடுக்கும் வழக்கம் உண்டு. பால் கொடுக்கும் உடம்புக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். தாகம் எடுத்தால் குடிக்க விடுங்கள். இரவுத் தூக்கம் கெடும் தாய்க்குப் பகலில் இரண்டு மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொள்வது பாட்டியோ தகப்பனோ செய்யக்கூடிய நல்ல வைத்தியம். பால் கொடுக்கும்போது பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் பொதுவாக ஆகும். கோடீன் கலந்ததும் ஆஸ்பிரின் வலி மாத்திரையும் வேண்டாம்.

ஆனால் ரத்த அழுத்த ஆபத்து பிள்ளை பிறந்ததோடு முடிவதில்லை. ஆறு வாரம் வரை வரலாம். முதுகில் ஊசி போட்டுப் பிரசவம் பார்த்தவர்களுக்கு, உட்கார்ந்தால் வலித்துப் படுத்தால் குறையும் தலைவலி வந்தால், அதையும் மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை. கண்ணில் ஒளிக்கோடு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைச் சாப்பிடக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்; பக்கவாதம் வரும் அபாயம் கூடுகிறது. வேறு முறைகள் பல இருக்கின்றன. கேட்டால் சொல்லித் தருவார்கள்; கேட்காவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தைப் படிக்கும் அண்ணன், தம்பிமார்களே! இதில் உங்கள் பங்கு பெரிது. மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறையுங்கள். அறைக்குள் சிகரெட்டும் ஊதுவத்திப் புகையும் வேண்டாம். அன்றைக்குச் சோற்றை நீங்கள் வடியுங்கள். குறைந்து போக மாட்டீர்கள். இரவு எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போக யாருடைய வண்டி கிடைக்கும், எண் என்ன என்பதை ஏழாம் மாதத்திலேயே எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். செம்பனைக் காட்டுக்குள்ளிருந்து பெரிய சாலைக்கு வரவே நேரம் பிடிக்கும் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன.

மாமியார்களே, அத்தைகளே! நீங்கள் வலியைப் பொறுத்துப் பிள்ளை பெற்றது உங்கள் பெருமை. ஆனால் உங்கள் காலத்தில் அப்படிப் பொறுத்திருந்து திரும்பி வராமல் போனவர்களும் உண்டு. அவர்கள் பெயர் உங்களுக்கு இன்னும் நினைவிருக்கும். மருமகள் "தலை வலிக்கிறது" என்றால், "எங்கே, புத்தகத்தை எடு, கிளினிக்குப் போவோம்" என்று முதலில் சொல்லுகிறவர் நீங்களாக இருங்கள். குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க ஒரு ரிங்கிட் போதும்.